பெரிய காலிபர் லீவர் ரைபிளின் உதையைச் சமாளிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுடுதளத்தில் சனிக்கிழமைகளைக் கழிப்பவன் நான். செப்டம்பர் பிறந்ததும் கருங்கரடிக்கும் மூஸ் மானுக்கும் உரிமம் எடுத்தவர்கள் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தெற்கே ரொறன்ரோப் பக்கமிருந்து வரும் நம்மவர்களும் அவர்களில் உண்டு. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: இந்த உதையை என்ன செய்வது? வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததால் அல்ல, அவசரத்தில் பாதியை விட்டுவிடுகிறேன் என்பதால் எழுதி வைக்கிறேன். ஊரில் 'துவக்கு உதைக்கும்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே பின்னுதைப்பு என்னும் நீண்ட சொல்லை விட்டு, உதை என்றே எழுதுகிறேன்.

லீவர் ரைபிளில் 'பெரிய காலிபர்' என்று எதைச் சொல்கிறீர்கள்? என் .30-30 அதில் சேருமா?

சேராது. லீவர் ரைபிள் என்பது விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. அதில் குண்டின் விட்டம் 10 மி.மீ.க்கு மேல் இருப்பவற்றைத்தான் இங்கே பெரியவை என்கிறேன். 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த .45-70, 1964-ல் வந்த .444 மார்லின், 2000-ல் வந்த .450 மார்லின், பழைய .405 வின்செஸ்டர் ஆகியவை இந்த வரிசை. என்னிடம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் .45-70 வைத்திருப்பதால் உதாரணங்களையும் அதிலிருந்தே எடுக்கிறேன்.

'.45-70 தோளைப் பெயர்த்துவிடும்' என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

எந்தத் தோட்டா என்று அவரிடம் கேளுங்கள். அதைச் சொல்லாமல் .45-70-இன் உதையைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. 3.2 கிலோ எடையுள்ள ஒரு ரைபிளை எடுத்துக்கொண்டு நான் போட்ட கணக்கைத் தருகிறேன். 405 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு அலகு; இது சுமார் 26 கிராம்) ஈயக் குண்டு வினாடிக்கு 335 மீட்டர் வேகத்தில் போகும் மென்மையான தோட்டா என்றால், ரைபிள் பின்னோக்கி வரும் ஆற்றல் சுமார் 14 ஜூல். இது .30-30 தருகிற அளவுதான். அதே எடைக் குண்டு 405 மீட்டர் வேகத்தில் போகும் வழக்கமான தொழிற்சாலைத் தோட்டா 25 ஜூல் தரும். 3.6 கிலோ .30-06 ரைபிளில் 180 கிரெயின் குண்டைச் சுட்டாலும் ஏறத்தாழ இதே அளவுதான். அதே குண்டை 610 மீட்டர் வேகத்துக்குத் தள்ளும் கடுந்தோட்டாவைப் போட்டால் 60 ஜூலைத் தொடும்.

ஒரே ரைபிள், ஒரே குண்டு எடை, நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். உங்கள் நண்பர் அநேகமாக மூன்றாவது வகையைச் சுட்டுவிட்டு வந்து பேசுகிறார்.

எடை குறைந்த குண்டு வாங்கினால் உதை குறையும் அல்லவா? 325 கிரெயின் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன்.

இந்த ஏமாற்றம் மிகவும் சாதாரணம். குண்டு இலேசாகிறது, ஆனால் வேகம் ஏறுகிறது, கூடவே வெடிமருந்தும் ஏறுகிறது. மருந்து எரிந்து வாயுவாக வெளியேறும்போது அதுவும் ரைபிளைப் பின்னால் தள்ளுகிறது. வளையும் பிளாஸ்டிக் மென்முனை கொண்ட 325 கிரெயின் தோட்டாக்கள் வினாடிக்கு 625 மீட்டர் வேகத்தில் போகின்றன. அதே 3.2 கிலோ ரைபிளில் கணக்கிட்டால் சுமார் 45 ஜூல் வருகிறது. 25 ஜூல் தரும் வழக்கமான 405 கிரெயின் தோட்டாவைவிட இது ஒன்றே முக்கால் மடங்கு.

பெட்டியின் மேல் குண்டின் எடையோடு வேகத்தையும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

அதே அளவு உதை உள்ள போல்ட் ரைபிள் என்னைத் தள்ளுகிறது, லீவர் ரைபிளோ அறைகிறது. ஏன்?

நீங்கள் சொல்வது சரி. ஜூல் கணக்கில் சமமாக இருந்தாலும் உடம்பு உணர்வது வேறு. முதல் காரணம் எடை. தோளில் மாட்டிக்கொண்டு புதர்க்காட்டில் நடக்க வசதியாக இந்த ரைபிள்களைக் குட்டையாகவும் இலேசாகவும் செய்கிறார்கள். 1998-ல் வந்த மார்லின் கைடு கன் வகையில் குழல் நீளம் 18.5 அங்குலம், எடை சுமார் 3.2 கிலோ. பழைய நீளக்குழல் வின்செஸ்டர் 1886 நான்கு கிலோவைத் தாண்டும்.

இரண்டாவது காரணம் கட்டையின் வடிவம், என் அனுபவத்தில் இதுதான் முக்கியமானது. லீவர் ரைபிளின் அடிக்கட்டை குழலின் கோட்டைவிட நன்றாகத் தாழ்ந்து இறங்குகிறது. திறந்த குறிமுனைகள் குழலோடு ஒட்டித் தாழ்வாக இருப்பதால், முகத்தை அவற்றுக்கு நேராக இறக்குவதற்கு அந்தச் சரிவு தேவைப்பட்டது. குழல் உயரத்தில் பின்னோக்கித் தள்ள, தோள் தாழ்வில் தாங்க, ரைபிள் ஒரு கீல் போல மேலே சுழல்கிறது. முனை எழும்புகிறது, கட்டையின் மேல் விளிம்பு கன்னத்தில் ஏறுகிறது. அறை வாங்கியதுபோல இருப்பது அதனால்தான். மேலே ஸ்கோப் பொருத்தினால் முகத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். கன்னம் கட்டையில் உறுதியாகப் படியாமல் காற்றில் நிற்கும், அடி இன்னும் கூடும்.

எப்படிப் பிடிக்க வேண்டும்? தளர்வாகப் பிடித்தால் அதிர்ச்சி குறையும் என்று ஒருவர் சொன்னார்.

தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். தோளுக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், ரைபிள் வேகமெடுத்து வந்து தோளை மோதும். இடைவெளி இல்லாவிட்டால் தோளையும் உடம்பையும் சேர்த்துத் தள்ளும். கதவில் முட்டிக்கொள்வதற்கும் கதவைத் தோளால் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

வலக்கை முழங்கையைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழ்வரை தூக்குங்கள். காறை எலும்புக்கும் மேற்கை மூட்டுக்கும் நடுவே தசையில் ஒரு குழி விழும். அடிக்கட்டை அந்தக் குழியில் உட்கார வேண்டும், எலும்பின் மேல் அல்ல. தலையைக் கட்டைக்குக் கொண்டு போகாதீர்கள், கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டு வாருங்கள். இடக்கால் முன்னே இருக்கட்டும். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் எடையை முன்காலில் சாயுங்கள். புதிதாக வருபவர்கள் பயத்தால் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பார்கள். அப்படி நிற்பவரை உதை இரண்டடி பின்னால் நடக்க வைத்துவிடும்.

இடக்கைக்கும் இங்கே வேலை இருக்கிறது. இலேசான ரைபிள்களில் முன்கட்டையை உள்ளங்கையில் வெறுமனே ஏந்திக்கொண்டாலே போதும். இங்கே அதைப் பற்றிப் பிடித்து, பின்னோக்கி இழுத்து, சற்றுக் கீழ்நோக்கியும் அழுத்த வேண்டும். இழுவையில் பெரும்பங்கு இடக்கைக்கே உரியது. வலக்கை அளவுக்கு மீறி இறுகினால் விசை விரலும் சேர்ந்து இறுகிவிடும்.

லீவர் வளையம் என் நடுவிரலின் கணுவில் அடிக்கிறது. கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது. கையுறை போட்டால் போதுமா?

கையுறை கொஞ்சம் உதவும். வளையத்தைச் சுற்றி மெல்லிய தோல்பட்டை சுற்றிக்கொள்வது இன்னும் நல்லது, பல பழைய வேட்டைக்காரர்களின் ரைபிளில் அதைப் பார்த்திருக்கிறேன். விரல்கள் வளையத்துக்குள் தளர்வாகத் தொங்காமல், அதன் பின்பக்கம் கட்டையோடு சேர்ந்து இறுகியிருக்க வேண்டும். விரலுக்கும் உலோகத்துக்கும் நடுவிலான இடைவெளிதான் அடிக்கிறது. தோளுக்குச் சொன்ன அதே கதை.

மூக்கில் இடித்தால் முகம் மிக முன்னே போயிருக்கிறது அல்லது கட்டை உங்களுக்குக் குட்டையாக இருக்கிறது. முகத்தைச் சற்றுப் பின்னே வையுங்கள். அப்போதும் இடித்தால் கட்டைவிரலைக் குறுக்கே போடாமல், வலப்பக்கமாகக் கட்டையின் மேலேயே நீட்டி வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

நின்று சுடும்போது தாங்குகிறது. மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டால் பத்தாவது தோட்டாவிலேயே தோள் கன்றிவிடுகிறது. என் நிலையில் தவறா?

உங்கள் மேல் தவறில்லை. நின்றிருக்கும் உடம்பு இடுப்பிலிருந்து பின்னே ஆடி உதையை வாங்கிக்கொள்கிறது. மேசையில் குனிந்து முழங்கைகளை ஊன்றியவரால் ஆட முடியாது. மேல் உடம்பு முழுதும் சிறைப்பட்டிருக்கிறது, தோள் ஒன்றே எல்லாவற்றையும் வாங்குகிறது. குப்புறப் படுத்துச் சுடுவது இன்னும் மோசம், அடி நேரே காறை எலும்பில் இறங்கும்.

மேசையில் சுட்டே ஆகவேண்டிய வேலை குறி சரிசெய்வது மட்டும்தான். அதற்கு மணல் மூட்டைகளை உயர அடுக்கி, நெஞ்சு நிமிர உட்கார்ந்து சுடுங்கள். கட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சிறு மணல் பை அல்லது தோளில் கட்டும் மெத்தை வைத்துக்கொள்ளலாம். குறி சரிசெய்வதில் முதல் பாதியை மென்மையான தோட்டாவால் முடித்து, வேட்டைத் தோட்டாவால் கடைசி ஆறேழு மட்டும் சுட்டு உறுதிசெய்யுங்கள். தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால் அந்தக் கடைசிச் சுற்றைத் தவிர்க்க முடியாது. அதன்பின் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். மீதிப் பயிற்சியை நின்றும் உட்கார்ந்தும் மரத்தில் சாய்ந்தும் செய்யுங்கள், காட்டில் அப்படித்தான் சுடப்போகிறீர்கள்.

ஈயக்கட்டிகளை ஏற்றி ரைபிளை அசையவிடாமல் பிடிக்கும் இரும்புச் சட்டங்கள் கடையில் கிடைக்கின்றன. தோளுக்கு நிம்மதிதான், ஆனால் அந்த உதை எங்கே போகும்? கட்டைக்குள் போகும். லீவர் ரைபிளின் அடிக்கட்டையை, ரைபிளின் உடலிலிருந்து பின்னே நீளும் டாங் என்னும் இரும்பு நாக்கோடு பெரும்பாலும் ஒற்றைத் திருகாணிதான் சேர்த்துப் பிடிக்கிறது. அசையவே விடாமல் கடுந்தோட்டா சுட்டால், கழுத்துப் பகுதியில் மரம் பிளக்க வாய்ப்பு இருக்கிறது. சட்டத்தைப் பயன்படுத்தினால் எடையை அதிகம் ஏற்றாதீர்கள், அது சற்று நகர இடம் விடுங்கள்.

அண்ணா, செலவில்லாமல் உதையைக் குறைக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

தோட்டாவை மாற்றுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். உதையின் ஆற்றல் ரைபிளின் எடைக்கு நேர்மாறாகக் குறைகிறது. ஆனால் குண்டும் வாயுவும் சேர்ந்து தரும் உந்தத்துக்கு அது இருமடிப் பங்கில் ஏறி இறங்குகிறது. 3.2 கிலோ ரைபிளில் அரைக் கிலோ எடை கூட்டினால் ஆற்றல் சுமார் 13 சதவீதம் குறையும். உந்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 36 சதவீதம் குறையும். தோட்டா வேறாக இருந்தால் போதும், அதே ரைபிள் வேறு ரைபிளாகிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. .45-70 என்னும் பெயரே 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் கரிமருந்து என்பதைக் குறிக்கிறது. 1870-களில் அமெரிக்கக் காலாட்படை 405 கிரெயின் குண்டோடு அந்த 70 கிரெயினை நீண்ட, கனத்த ரைபிளில் சுட்டது. குதிரைப்படைக்குக் கொடுத்ததோ சுமார் மூன்று கிலோவுள்ள குட்டைக் கார்பைன். அந்த எடையில் முழு மருந்தின் உதை அதிகம் என்று கண்டு, கார்பைனுக்கு 55 கிரெயின் மருந்துள்ள தோட்டாவைத் தனியாகச் செய்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் ஏறத்தாழ அதே எடையுள்ள குட்டை ரைபிளை வாங்கி, அதில் அன்றைய முழுத் தோட்டாவைவிட மிகக் கடுமையானதைத் திணித்துவிட்டு, தோள் வலிக்கிறது என்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. .45-70 தோட்டாக்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரைபிள்களையும் மனதில் வைத்துச் செய்யப்படுபவை 28,000 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கும். நவீன லீவர் ரைபிளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் கடுந்தோட்டாக்கள் அதை வெகுவாகத் தாண்டும். பழைய டிராப்டோர் ரைபிளில் (1870-களின் அந்த ராணுவ ரைபிள்) அவற்றைப் போட்டால் தோள் வலியோடு முடியாது.

மென்மையான தோட்டா கரடியைக் கொல்லுமா? காயப்படுத்திவிட்டால் பாவம் அல்லவா?

நல்ல கேள்வி, உதையைப் பற்றிய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். 14 ஜூல் தரும் ஈயக் குண்டுத் தோட்டா பயிற்சிக்கு மட்டும். 25 ஜூல் தரும் வழக்கமான 405 கிரெயின் தோட்டாவை நான் கருங்கரடிக்கும் மானுக்கும் தயங்காமல் எடுத்துச் செல்வேன். 100 மீட்டருக்குள் பக்கவாட்டில் நிற்கும் மூஸ் மானுக்கும் எடுத்துச் செல்வேன். 11.6 மி.மீ. அகலமும் 26 கிராம் எடையும் உள்ள குண்டு, வேகம் குறைவாக இருந்தாலும் ஆழமாகப் போகும். நுரையீரலில் பட்டால் விலங்கு தூரம் போகாது.

அந்தத் தோட்டாவின் உண்மையான குறை வேறு. குண்டு வளைந்து விழும். 100 மீட்டருக்குக் குறி வைத்தால் 200 மீட்டரில் அரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே தொலைவுக்கு ஒரு வரம்பு போட்டுக்கொள்ள வேண்டும். அலாஸ்காவின் பழுப்புக் கரடி வாழும் இடத்தில் தற்காப்புக்கு எடுத்துச் செல்பவர்கள் கடுந்தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களும் அதை வேகமாக, குறி தவறாமல் சுடப் பழகியிருக்க வேண்டும். பயந்து சுட்ட கடுந்தோட்டா குடலில் படுவதைவிட, பயமில்லாமல் சுட்ட சாதாரணத் தோட்டா நுரையீரலில் படுவது அந்த விலங்குக்கும் நல்லது.

கட்டையின் அடியில் நல்ல ரப்பர் மெத்தை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

எல்லாம் சரியாகாது, ஆனால் கொடுக்கும் காசுக்கு இதைவிட அதிகம் தரும் பொருள் வேறு இல்லை. உதையின் மொத்த அளவை மெத்தை மாற்றுவதில்லை. அதை நீண்ட நேரத்தில், அகன்ற பரப்பில் பரப்பிக் கொடுக்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். பழைய ரைபிள்களில் ரப்பர் காய்ந்து பலகைபோலக் கிடக்கும். நான் முதன்முதலாக வாங்கிய பழைய ரைபிளில் இருந்தது அப்படிப்பட்டதுதான். ஒரு முழுப் பருவம் என் தோளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெத்தை மாற்றும்போது கட்டையின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். விசையிலிருந்து அடிக்கட்டையின் நடுப்பகுதி வரை உள்ள தூரம் பல ரைபிள்களில் 13.5 அங்குலத்தை ஒட்டியிருக்கும். தடித்த மெத்தை போட்டால் அது ஓர் அங்குலம்கூட நீளலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் தடித்த மேலங்கி இன்னும் கூட்டும். கோடையில் பனியனோடு சரியாக இருந்த கட்டை, குளிரில் கக்கத்தில் மாட்டிக்கொண்டு தோள்குழியில் சேராமல் மேற்கையில் போய் நிற்கும். வேட்டையில் போடும் அங்கியைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

நான் ஐந்தடி உயரம், 50 கிலோ எடை. என்னைப் போன்ற பெண்கள் .45-70 சுடவே கூடாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது தவறு, தங்கச்சி. உடல் எடை குறைந்தவரை ரைபிள் அதிகம் ஆட்டும் என்பது உண்மை. ஆனால் ஆடுவதால் காயம் வருவதில்லை, அளவு சேராத கட்டையால்தான் வருகிறது. உங்கள் உயரத்துக்கு 13.5 அங்குலக் கட்டை மிக நீளம். நீளமான கட்டையைப் பிடிப்பவர் கையை எட்ட நீட்டி, பின்னால் வளைந்து நிற்கிறார். பின்னோக்கிச் சாய்ந்தால் என்ன ஆகும் என்று பிடிப்பு பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன்.

மரக்கட்டையை 12.5 அங்குலம் அளவுக்கு வெட்டி மெத்தை பொருத்துவது துப்பாக்கிப் பழுதுபார்ப்பவருக்குச் சாதாரண வேலை. பிறகு மென்மையான தோட்டாவில் தொடங்கி, நிதானமாக மேலே வாருங்கள்.

கட்டைக்குள் ஈயம் போட்டு எடை கூட்டலாமா?

கூட்டலாம். ஈயச் சன்னங்களைத் துணிப்பையில் இறுகக் கட்டிக் கட்டைக்குள் வைக்கிறார்கள், அதற்கென்றே செய்த பாதரசக் குழாய்களும் உண்டு. பலன் எவ்வளவு என்று மேலே கணக்குச் சொன்னேன். நாள் முழுதும் அந்த எடையைச் சுமப்பதும் உங்கள் தோள்தான் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். மகசின் (குழலின் கீழே தோட்டாக்கள் நிற்கும் குழாய்) நிறைந்திருந்தாலே, ஒரு தோட்டா 40 கிராமுக்கு மேல் என்று வைத்தால், நான்குக்கு 170 கிராம் இலவசமாகக் கிடைக்கிறது.

குழல் முனையில் பிரேக் பொருத்தலாமா? சத்தம் அடக்கியும் உதையைக் குறைக்குமாமே?

பிரேக் உதையைக் கணிசமாகக் குறைக்கும், மறுப்பில்லை. அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, ரைபிளைச் சற்று முன்னே இழுக்க வைக்கிறது. அதற்கு விலை சத்தம். குட்டைக் குழலில் ஏற்கெனவே காதைப் பிளக்கும் ஒலி, உங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்கும் தோழரின் காதுக்கும் திரும்பி வருகிறது. காட்டில் காதுக்காப்பு இல்லாமல் ஒருமுறை சுட்டாலே காது கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். வேட்டை வழிகாட்டிகள் பலர் பிரேக் பூட்டிய ரைபிளை விரும்புவதில்லை. நானும் விரும்புவதில்லை.

சத்தம் அடக்கி உதையையும் சத்தத்தையும் சேர்த்துக் குறைப்பது உண்மை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் முறைப்படி பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். கனடாவில் அது தடைசெய்யப்பட்ட சாதனம். ஆகவே இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். இனி எப்படித் தடுப்பது?

முதலில் காயம் ஆறட்டும், அதுவரை சுட வேண்டாம். வலியின் நினைவோடு சுட்டால் அடுத்த கேள்வியில் வரும் நோய் தொற்றிக்கொள்ளும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டாலும் முழுப் படம் தெரியும் ஸ்கோப்தான் இந்த ரைபிளுக்கு ஏற்றது. பெருக்கத்தைக் குறைத்து வையுங்கள். மேட்டை நோக்கிச் சுடும்போதும் உட்கார்ந்து சுடும்போதும் தலை தானாக முன்னே ஊர்ந்துவிடும். பெரும்பாலான புருவங்கள் கிழிவது அப்போதுதான். இன்னும் முன்னே, குழலின் மேல் பொருத்தும் நீண்ட கண்தூர ஸ்கோப்புகளும் உண்டு.

150 மீட்டருக்குள் வேட்டையாடுபவருக்கு நான் சொல்வது, ரைபிளின் உடல்மேல் பொருத்தி, சிறு துளை வழியே பார்க்கும் வளையக் குறிமுனை. கிழிக்கும் விளிம்பு எதுவும் முகத்துக்கு அருகில் இல்லை, தலையும் கட்டையின் இயல்பான சரிவோடு படிகிறது. கழுத்துப் பகுதியில் மாட்டும் பழைய டாங் குறிமுனை மட்டும் வேண்டாம், கடும் உதையில் அது நேரே கண்ணுக்கு வரும்.

விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிறது, குண்டு தரையில் படுகிறது. முன்பெல்லாம் நன்றாகச் சுட்டேன். என்ன ஆயிற்று எனக்கு?

மிரள ஆரம்பித்திருக்கிறீர்கள். இது கோழைத்தனம் அல்ல. ஒருமுறை சூடு பட்ட கை அடுப்பைக் கண்டதும் பின்வாங்குவது போல, உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. மனத்தை அதட்டி இதைச் சரிசெய்ய முடியாது. உடம்புக்கு வேறு அனுபவத்தைக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் ரைபிளைக் கொடுத்து, உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே உங்களுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைச் செருகச் சொல்லுங்கள். லீவர் ரைபிளின் குழாய் மகசின் இதற்குத் தோதானது, எது எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது. போலியின் மேல் சுத்தி விழும்போது குழல்முனை குனிந்தால் நோய் உறுதி. குழல் எப்போதும் குறிப்பலகையை நோக்கியே இருக்கட்டும், போலி என்று தெரிந்த பிறகும் அதை உண்மைத் தோட்டா போலவே நடத்துங்கள்.

அடுத்து .45-70-ஐ ஒரு மாதம் உறையில் வையுங்கள். .22 லீவர் ரைபிள் ஒன்றில், அதே நிலைகளில், அதே குறிமுனை வகையில் சுடுங்கள். பிறகு மென்மையான ஈயக் குண்டுத் தோட்டாவோடு திரும்பி வாருங்கள். காதில் அடைப்பானும் அதன்மேல் கவசமும் இரண்டுமே போடுங்கள். உதை என்று நாம் பயப்படுவதில் பெரும்பகுதி சத்தம்தான் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சத்தத்தை எடுத்துவிட்டால் அதே தோட்டாவைச் சிரித்துக்கொண்டே சுடுகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம், கடைசித் தோட்டா நல்ல தோட்டாவாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். தோள் வலிக்கத் தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொன்றும் மிரட்சிக்கே பயிற்சி.

முதல் வெடிக்குப் பிறகு ரைபிளை இறக்கித்தான் லீவரை இழுக்க முடிகிறது. அதற்குள் விலங்கு மறைந்துவிடுகிறது.

ரைபிளைத் தோளிலிருந்து எடுக்காமல் லீவரை இயக்கப் பழகுங்கள். உதை முனையை மேலே தூக்கும் அந்தக் கணத்திலேயே வலக்கை முன்னே தள்ள வேண்டும். முனை இறங்கி வரும்போது லீவர் மூடியிருக்கும். அரைகுறையாகத் தள்ளினால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும், ஆகவே முழுவதும் தள்ளி முழுவதும் இழுங்கள். வீட்டில் போலித் தோட்டாக்களை வைத்து ஒரு நாளைக்கு இருபது முறை செய்தால், இரண்டு வாரத்தில் கை தானாகப் போகும்.

உதை ரைபிளையோ தோட்டாவையோ கெடுக்குமா?

இரண்டையும் கெடுக்கும். மேலே சொன்ன டாங் திருகாணியை ஒவ்வொரு பருவத்துக்கும் முன் பாருங்கள். அது தளர்ந்தால் ஒவ்வொரு உதையும் மரத்தை ஆப்பு வைத்ததுபோலப் பிளக்கும். டாங்கின் பின்னே மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் சுடுவதை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

குழாய் மகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொரு உதையிலும் அவை முன்னும் பின்னும் மோதி, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் இறங்கப் பார்க்கும். இறங்கினால் அழுத்தம் ஏறும். அதனால்தான் கூட்டின் விளிம்பைக் குண்டின் பள்ளத்தில் மடித்து இறுக்குகிறார்கள். சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்கள் இதில் சலுகை எடுக்கவே கூடாது. குண்டின் முனை தட்டையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். கூர்மையான கடின முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) குத்தினால் மகசினுக்குள்ளேயே வெடிக்கும். மென்முனைத் தோட்டாக்களின் முனை வளையும் பிளாஸ்டிக் என்பதால் அவை விதிவிலக்கு.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். கண்ணிலும் அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன். சுடலாமா?

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று மட்டும் சொல்கிறேன். பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது காறை எலும்பின் கீழே வைக்கிறார்கள். வலத்தோளில் சுடுபவருக்கு அது எதிர்ப்பக்கம், இடத்தோளில் சுடுபவருக்கோ அடி அதன் மேலேயே விழும். கம்பிகள் சேதமடைந்த நிகழ்வுகள் உண்டு. எந்தத் தோள், எவ்வளவு உதை என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். கண்ணில் விழித்திரைச் சிகிச்சை என்றால் கண் மருத்துவரிடமும் தனியாகக் கேளுங்கள். அனுமதி கிடைக்கும்வரை .22 மட்டும்.

மாமனார் ஒரு பழைய வின்செஸ்டர் 1886 கொடுத்தார். அடிக்கட்டையில் பிறைபோல வளைந்த இரும்புத் தகடு. அதன் முனைகள் தோளைக் குத்துகின்றன. தகட்டை எடுத்துவிட்டு ரப்பர் மாட்டவா?

வேண்டாம், அந்தக் கட்டையை வெட்டாதீர்கள். அந்தத் தகட்டைத் தோள்குழியில் வைத்தால் குத்தத்தான் செய்யும், அது அங்கே வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. மேலே நான் சொன்ன நிலையை இந்த ஒரு ரைபிளுக்கு மட்டும் மறந்துவிடுங்கள். உடம்பை இலக்குக்கு இன்னும் பக்கவாட்டாகத் திருப்பி, முழங்கையை நன்றாக உயர்த்தி, பிறையின் வளைவு மேற்கையின் தொடக்கத்தில், தோள் மூட்டுக்கு வெளியே கவ்வும்படி வையுங்கள். மேல் கொம்பு கையின் மேலும் கீழ்க் கொம்பு கக்கத்தின் கீழும் போய்விடும்.

முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, அது .45-70 தான் என்றும் பாதுகாப்பானது என்றும் உறுதியான பிறகு, ஒருவர் மேற்பார்வையில் 28,000 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கும் மென்மையான 405 கிரெயின் தோட்டாவை நின்றபடி ஒன்றே ஒன்று சுட்டுப் பாருங்கள். நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் நீண்ட குழலும் பாதி வேலையைச் செய்துவிடும். முழங்கை தாழ்ந்தால் மட்டும் கீழ்க் கொம்பு நினைவூட்டும், உடனே உயர்த்திவிடுங்கள்.